கூடத்துச் சைக்கிள்

என் அக்கா எதையும் வீட்டுக்குள் ஒருதரம் செய்து பார்க்காமல் வெளியே போய்ச் செய்ததில்லை. முசிறிக்கு முதல்தடவை தனியாக பஸ்ஸில் போகவேண்டி வந்தபோது, முந்தின நாளே கூடத்தில் அரிசி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் கண்டக்டர்.

"எங்கம்மா போகணும்?"

"முசிறி ஒண்ணு."

"சில்லறை இல்லியே."

"சில்லறை இல்லாம என்னத்துக்கு வண்டி எடுத்தீர்?"

"அப்படிக் கேட்டா பாதி வழியில எறக்கி விட்டுடுவான்டி" என்று அடுக்களையிலிருந்து அம்மா குரல் வரும். அக்கா யோசிப்பாள். "சரி, எறங்கறச்சே வாங்கிக்கறேன்" என்று மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். நான் மறுபடி முதலிலிருந்து விசில் ஊதவேண்டும்.

டாக்டரிடம் போனால் என்ன சொல்வது, பெரிய மாமா வந்தால் எப்படிப் பேசுவது, எல்லாவற்றுக்கும் ஒத்திகை. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து போய்விட்டாள். எதற்கும் ஒத்திகை பார்த்தவள் இதற்கு மட்டும் பார்க்கவில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் சைக்கிள் கற்றுக்கொண்டதை மட்டும் என்னால் அழாமல் சொல்லமுடியும்.

அதற்கு முன்னால் பெண் பார்க்க வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கும் ஒத்திகை நடந்தது. நான்தான் பிள்ளைக்கு அப்பா. அப்பாவின் அங்கவஸ்திரத்தை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "தளிகை பண்ணத் தெரியுமோ?" என்று சமையல் கேள்வியைக் கேட்டேன்.

"தெரியும். உங்க பிள்ளைக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா சிரிக்கவே இல்லை. "கோவமா சொல்றாப்ல இருக்கா? சாந்தமாத்தானே இருக்கு?" என்று கேட்டு, இன்னும் சாந்தமாகச் சொல்லிப் பார்த்தாள். மறுநாள் அசல் மனிதர்கள் வந்தார்கள். அதே கேள்வியைக் கேட்டார்கள். அக்கா குழைந்த குரலில் அதே பதிலைச் சொன்னாள். அவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

அதற்கப்புறம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். லால்குடியில் ஒருத்தர், நிலம் நீச்சு உள்ளவர், முதல் சம்சாரம் தவறிப்போனவர், வயசு அப்பாவுக்குக் கொஞ்சம் கீழே. "தையில முடிச்சுடலாம்" என்றார். அக்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள். கிராம சேவிகா வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பிள்ளை வளர்ப்பு, சுத்தம், காய்கறித் தோட்டம் எல்லாம் சொல்லித் தருகிற வேலை. "அது கெடைச்சா லால்குடி வேண்டாம்" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவர் கோவிலில் பிரபந்தம் பாடுகிற கோஷ்டியில் சேவிக்கிறவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

திருச்சியில் இண்டர்வியூ. அதற்கும் கூடத்தில் ஒத்திகை நடந்தது. வராத கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருந்தாள். அங்கே இருந்த அதிகாரியம்மா அவற்றில் ஒன்றையும் கேட்காமல், "சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டார்களாம்.

"தெரியும்."

"தை பொறந்ததும் டிரெயினிங்குக்கு வாங்க. மொத நாளே ஓட்டிக் காட்டணும். ஓட்டத் தெரியாதவங்கள அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவோம்."

வெளியே வந்து, அங்கே காத்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குட்டி, நான் சைக்கிளைத் தொட்டதுகூட இல்லைடி" என்றாள்.

அப்போது மார்கழி பிறக்கப் போகிற சமயம். எங்கள் ஸ்ரீரங்கத்தில் மார்கழி என்றால் என்ன என்று சொல்லவேண்டியதில்லை. பகல்பத்து, இராப்பத்து, வைகுண்ட ஏகாதசி. உத்தர வீதியானாலும் சித்திரை வீதியானாலும் சனம். விடியற்காலையிலும் சனம், நடுராத்திரியிலும் சனம். ஒரு பெண் சைக்கிளில் விழுந்து எழுந்து பழக ஒரு சந்துகூடக் காலி கிடையாது. கூட்டம் கலைந்து தை பிறந்தால் டெஸ்ட். டெஸ்டில் விழுந்தால் லால்குடி.

அக்கா அன்று முழுதும் சாப்பிடாமல் யோசித்தாள். சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்று இரண்டு தூணையும் பார்த்தாள். "இங்கயே ஓட்டிடலாம்" என்றாள்.

அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "கூடத்துலயா? எங்கருந்து எங்க ஓட்டுவே?"

"எங்கயும் போகாம ஓட்டுவேன்."

சைக்கிள் பார்க்கத் திருச்சிக் கோட்டைப் பக்கம் ஒரு பாய் கடைக்கு மூன்று பேரும் போனோம். மாச வாடகைக்கு விடுகிற கடை. போவதற்கு முன்னால் அக்கா தூணில் முதுகை ஒட்டி நின்று, இடுப்பெலும்பிலிருந்து குதிகால் வரைக்கும் கொடிக்கயிற்றால் என்னை அளக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டாள். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இன்னொரு முடிச்சு. கடையில் அவள் அந்தக் கயிற்றை எடுத்ததும் பாய் சிரித்துவிட்டார்.

"என்னம்மா இது, டெய்லர் கடைக்கு வந்த மாதிரி? சைக்கிளுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

"எனக்கு எட்டணும் பாருங்கோ."

முதலில் பளபளவென்று ஒரு உயரச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அக்கா கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். பெடல் கீழே போகிறபோது கால் அந்தரத்தில் நிற்கும். வேண்டாம் என்றாள். அடுத்தது அளவு சரி, ஆனால் குறுக்கே பார். அம்மா என்னை இடித்து மெதுவாகச் சொன்னாள்: "பார் வெச்ச சைக்கிள்ல உக்காரணும்னா மடிசார் கட்டணும். மடிசார் கட்டணும்னா கல்யாணம் ஆகியிருக்கணும். பேசாம லால்குடிக்கே சரின்னுட்டா சைக்கிளும் விடலாம்."

அக்காவே சிரித்துவிட்டாள். பாய்க்குச் சரியாகக் காதில் விழவில்லை, ஆனாலும் அவரும் சிரித்தார். மூலையில் பச்சைப் பெயிண்ட் உரிந்த பார் இல்லாத சைக்கிள் ஒன்று இருந்தது. ஒரு நர்ஸம்மா வைத்திருந்ததாம். அக்கா அதன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மட்கார்டில் உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்டாள். சீட் கம்பியை மேலே இழுத்து இறக்கிப் பார்த்தாள். ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அதுதான் அவளுக்கு முக்கியம். பாய்க்கு அது ஏன் என்று தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

"அத விட நல்ல வண்டி இருக்கும்மா."

"இது போறும். இதுதான் என் அளவு."

காவேரிப் பாலம் வழியாகத் தள்ளிக்கொண்டே வந்தோம். எதிரில் வந்தவர்களெல்லாம், "பங்க்சராம்மா?" என்று கேட்டார்கள். அக்கா ஒவ்வொருத்தருக்கும் பொறுமையாக, "ஆமாங்க, பங்க்சர்" என்று சொன்னாள்.

கொல்லை வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம். கூடத்து வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். சைக்கிளைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார்.

"தோல் உள்ள வரப்படாது."

"நீங்க ஜபம் பண்றது மான் தோல்லதானே அப்பா?"

"மான் தோல் வேற."

"எப்படி வேற?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மான் வேற" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குக் கிளம்பினார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "தோல் வேண்டாம்னுதானே சொன்னார், சைக்கிள் வேண்டாம்னு சொல்லலியே" என்றாள். சீட்டைக் கழற்றிக் கொல்லையில் வைத்துவிட்டு, தவலைக்கு அடியில் வைக்கிற பிரிமணையைக் கொண்டுவந்தாள். அதன் நடுவில் பழந்துணியைத் திணித்து, கம்பிமேல் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்தபோது பால்குடம் மாதிரிதான் இருந்தாள்.

சைக்கிள் ஆடக்கூடாது என்று ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் தூணோடு இழுத்துக் கட்டினாள். முதல்நாள் உட்காருமிடம் தாழ்ந்துவிட்டது. மிதிக்க மிதிக்க முழங்கால் மேலே வந்து இடித்தது. மறுநாள் கால்களை மடக்கி உட்கார முடியவில்லை. கம்பியை மேலே தூக்கினோம். அது ரொம்ப உயரமாகிவிட்டது. ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. "தேர் ஆடறாப்ல ஆடறேடி" என்றாள் அம்மா. அப்புறம் அக்காவே ஒரு கணக்குக் கண்டுபிடித்தாள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், ஆனால் இடுப்பு நகரக்கூடாது. நான் தரையில் படுத்து அவள் குதிகாலைப் பார்ப்பேன். அம்மா பின்னாலிருந்து இடுப்பைப் பார்ப்பாள். "ஆடறது", "ஆடலை", "இன்னும் ஒரு நூல் எறக்கு" என்று இரண்டு பேரும் கத்துவோம். ஒருநாள் ரெண்டும் சரியாக அமைந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள். சக்கரம் காற்றில் ஓடியது. எனக்கு ஏதோ பெருமாள் புறப்பாடு பார்க்கிற மாதிரி இருந்தது.

புடவை செயினில் மாட்டிக் கறுப்பாகிவிட்டது. சாக்குத்துணியை வெட்டிச் செயினுக்கு உறை தைத்தாள். மிதிப்பது ரொம்ப லேசாக இருக்கிறது, அசலில் இப்படி இருக்காது என்று சந்தேகம் வந்தது அவளுக்கு. என் பழைய பாவாடையைக் கிழித்துப் பின்சக்கரத்தில் உரசுகிற மாதிரி கட்டினாள். "காவேரிப் பாலத்துல எதிர்க்காத்து அடிச்சா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, வேர்க்க வேர்க்க மிதித்தாள். அப்பா கோஷ்டிக்குப் போகிற நேரமெல்லாம் கூடத்தில் சைக்கிள்தான்.

சும்மா மிதித்தால் போதுமா? ஒத்திகை வேண்டாமா? நான் மாடாகக் குறுக்கே போவேன். அக்கா மணி அடிப்பாள், பிரேக் பிடிப்பாள், ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பாள். நான் கோவில் யானையாக வருவேன். அக்கா இறங்கி ஓரமாக நின்று கும்பிடுவாள், திரும்ப ஏறுவாள். ஏறுவதும் இறங்குவதும் புடவை தடுக்காமல் வரவேண்டும் என்று அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். அம்மாகூட அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஐயோ, கொழந்தை குறுக்க வரது!" என்று கத்துவாள். அக்கா பிரேக்கைப் பிடிப்பாள். "தப்பிச்சுதா?" "தப்பிச்சுது, தப்பிச்சுது. நீ போ."

அடுத்த வீட்டு மாமிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கிர்ரென்று சத்தம் கேட்டிருக்கிறது. "உங்காத்துல மாவு மிஷின் வாங்கியிருக்கேளா?" என்று வந்து கேட்டாள். அம்மா பதறிப்போய், "ஆமாம்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் மாமி ஒரு தூக்கு நிறைய அரிசியோடு வந்து நின்றாள்.

"ரிப்பேர் மாமி" என்றாள் அக்கா, தூணுக்குப் பின்னாலிருந்து.

இராப்பத்து முடிந்தது. கூட்டம் கலைந்தது. அக்கா தோல் சீட்டைத் திரும்பப் போட்டு, கயிற்று முடிச்சால் உயரத்தைச் சரிபார்த்து, கொள்ளிடக் கரைப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், நடுவில் மண் ரோடு. நானும் போனேன். அக்காவுக்கு ஒரு பயமும் இல்லை. மாசம் முழுதும் ஓட்டியவள் அல்லவா. புடவையை ஒதுக்கி அழகாக ஏறி உட்கார்ந்தாள். ஒரு மிதி மிதித்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

எழுந்தாள். ஏறினாள். விழுந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்கு முதலில் புரிந்தது. மண்ணில் உட்கார்ந்தபடியே சைக்கிளைப் பார்த்தாள். "நிக்கறதுக்குக் கத்துக்கவே இல்லைடி குட்டி. தூணும் கயிறும்னா அதை நிறுத்தி வெச்சிருந்துது" என்றாள். நாங்கள் மூன்று பேர் கூடத்தில் அத்தனை பாடுபட்டோம். சைக்கிள் சாயும் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. டெஸ்டுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. பின்னால் கேரியரைப் பிடிக்க ஓடினேன். "தொடாதே" என்றாள். "அங்க வந்து நீயா பிடிக்கப் போறே?"

மறுபடி ஏறினாள், விழுந்தாள். முழங்கை தேய்ந்து ரத்தம். கண் முன்சக்கரத்தை விட்டு நகரவில்லை. அப்போது தலையில் வாழைத்தார் சுமந்துகொண்டு நாலைந்து பெண்கள் எதிரே வந்தார்கள். வயசான ஒருத்தி நின்றாள்.

"யாத்தா, அங்கப்பிரதட்சணம்னா கோயிலுக்குள்ள பண்ணு. ரோட்டுல எதுக்கு உருளுற?"

மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா அப்போதுதான் ஏறி ஒரு மிதி மிதித்திருந்தாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க வராது. சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முகத்தை நிமிர்த்தி அந்தக் கிழவியைப் பார்த்து, "உங்களுக்கும் சேத்துதான் உருளறேன், அந்தத் தார்ல ரெண்டு பழமாவது குடுங்கோ!" என்றாள்.

சொல்லி முடிக்கும்போது அவர்களைத் தாண்டியிருந்தாள். விழவில்லை. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, போறே! அக்கா, நீ போறே!" என்று நான் கத்தினேன். அந்தப் பெண்கள் குலவை போட்டார்கள். நிஜமாகவே குலவை. அக்கா தூரத்தில் வாழைத்தோப்பு முடிகிற இடம்வரைக்கும் போய், கூடத்தில் செய்தது மாதிரியே பிரேக் பிடித்து, ஒரு காலை ஊன்றி, புடவை கொஞ்சமும் தடுக்காமல் இறங்கி நின்றாள்.

டெஸ்டுக்கு நானும் கூடப் போனேன். வந்திருந்த பெண்களில் பல பேருக்கு ஓட்ட வந்தது, இறங்க வரவில்லை. ஒருத்தி சுவரில் மோதித்தான் நிறுத்தினாள். அக்கா மைதானத்தைச் சுற்றி வந்து, அதிகாரியம்மா நின்ற இடத்துக்கு நேராக இறங்கினாள்.

"எறங்குறது எப்படிம்மா இவ்வளவு சுத்தமா வருது? எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்காத்துக் கூடத்துல."

அந்த அம்மாள் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். லால்குடிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

டிரெயினிங் முடிந்து பச்சைமலை அடிவாரத்தில், உப்பிலியபுரம் பக்கத்துக் கிராமங்களில் அக்காவைப் போட்டார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் கறுத்துப்போய், கால் காய்த்துப்போய் வருவாள். அங்கேயும் ஒத்திகையை விடவில்லையாம். முதல் பிரசவத்துக்குப் பயந்த பெண்களைக் கூட்டி வைத்து, எப்படி மூச்சு விடுவது, வண்டிக்கு யார் ஓடுவது, வெந்நீர் யார் போடுவது என்று முன்னாடியே நடித்துப் பார்க்க வைப்பாளாம். "ஒருத்தி வயத்துல தலகாணியைக் கட்டிண்டு அலறினா பாரு, நெஜமாவே வண்டி பூட்டிட்டாடி" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அவளைப் பார்த்தால் வயிறெரியும், அதைவிடப் பெருமையாக இருக்கும். நான் தளிகையறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். என் அக்கா மலையடிவாரத்தில் சைக்கிள் விட்டாள்.

மஞ்சள் காமாலை என்று தெரிந்து வீட்டுக்குக் கூட்டிவரும்போதே முற்றிவிட்டது. எல்லாம் முடிந்து காரியங்கள் நடந்துகொண்டிருந்தபோது, வீதிக்காரர் ஒருத்தர் துக்கம் கேட்க வந்தார். அப்பாவோடு கோஷ்டியில் சேவிக்கிறவர். "தப்பா நெனைக்கப்படாது ஸ்வாமி. அந்தக் காட்டுக்கு அனுப்பாம இருந்திருந்தா, கொழந்தை இன்னிக்கு லால்குடியில சௌக்கியமா இருந்திருப்பா" என்றார்.

உள்ளே அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அதை யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் அத்தனை நாளாக நாங்கள் மூன்று பேரும் பயந்துகொண்டிருந்தோம். ஒவ்வொருத்தரும் தனித்தனியாக அதை நினைத்துக்கொண்டும் இருந்தோம்.

அந்த நேரத்தில் வீதியில் பேச்சுக்குரல் கேட்டது. ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குழந்தைகளோடு, வீடு வீடாக நின்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். காலெல்லாம் புழுதி.

"ஏங்க, சைக்கிளம்மா வூடு எதுங்க?"

எங்கள் வாசலுக்கும் வந்து கேட்டார்கள். வந்திருந்தவர், "அப்படி யாரும் இங்க இல்லையேம்மா" என்றார்.

அப்பா எழுந்தார். "இருக்கு. இதுதான் சைக்கிளம்மா வீடு. உள்ள வாங்கோ" என்றார்.

அவர்கள் தயங்கினார்கள். அப்பா வாசலை விட்டு ஒதுங்கி நின்று, திரும்பவும் கூப்பிட்டார். எல்லாரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவள் ஒருத்தி, தன் மடியிலிருந்த குழந்தையை அப்பாவின் காலடியில் விட்டாள்.

"அவங்க இல்லாட்டி இந்தப் புள்ள இல்லீங்க, என் மருமவளும் இல்லீங்க. அப்பேர்ப்பட்ட பொண்ண எங்க ஊருக்கு அனுப்பி வச்சீங்களே சாமி, அந்தப் புண்ணியம் உங்களுக்குத்தான்."

அப்பா அவளைப் பார்த்தார். துக்கம் கேட்க வந்தவரையும் ஒருதரம் பார்த்தார். அவர் கோவிலில் சேவிக்கிற குரல் எனக்குத் தெரியும், நாலு வீதிக்குக் கேட்கும். வீட்டில் அந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் அனுப்பலைம்மா. அவளா ஏறினா, அவளா ஓட்டிண்டு போனா."